மார்ஜின் ஷார்ட் விற்பனையில் வட்டியும் கட்டணங்களும்

ஒரு கிரிப்டோகரன்சியின் விலை இறங்கும் என்று கணிப்பவர், தம்மிடம் இல்லாத அந்த நாணயத்தைக் கடனாகப் பெற்று இன்றைய விலைக்கு விற்றுவிட்டு, பின்னர் விலை இறங்கியதும் வாங்கித் திருப்பிக் கொடுத்து, இடையிலுள்ள வித்தியாசத்தை இலாபமாக்கிக்கொள்ள முயல்வதையே ஷார்ட் விற்பனை என்கிறார்கள். இந்தக் கடனுக்கு ஈடாக அவர் எக்ஸ்சேஞ்சில் வைக்கும் சொந்தத் தொகை மார்ஜின் எனப்படும். அந்தத் தொகையைப்போல் எத்தனை மடங்கு மதிப்புக்கு வர்த்தகம் செய்ய அனுமதி கிடைக்கிறது என்பதைக் குறிப்பது லீவரேஜ். விலை எந்தத் திசையில் போகும் என்று கணிப்பதற்கு வழிகாட்டும் நூல்கள் ஏராளமாக உள்ளன. கணிப்பு சரியாகவே பலித்த பிறகும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் போவது எப்படி என்பதை விளக்கும் பக்கங்கள் குறைவு என்பதால், இந்த அத்தியாயம் அந்த ஒன்றை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. ஷார்ட் விற்பவருக்கு விலை இறங்கினால் மட்டும் போதாது, குறிப்பிட்ட நாள்களுக்குள் இறங்கியாக வேண்டும்; அந்த நாள்கள் எத்தனை என்பதைத் தீர்மானிப்பவை வட்டியும் கட்டணங்களுமே.

இந்தியப் பங்குச் சந்தையில் இன்ட்ராடே பழக்கத்தோடு கிரிப்டோவுக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அங்கே காலையில் விற்ற பங்கை அன்றைய சந்தை மூடுவதற்குள் வாங்கிக் கணக்கை நேர்செய்துவிட வேண்டியிருப்பதால், பங்கைக் கடன் வாங்கி வட்டி கட்டும் பேச்சே எழுவதில்லை. புரோக்கரேஜையும் வரிகளையும் கழித்துவிட்டால் அன்றைய இலாப நட்டம் தெரிந்துவிடும். கிரிப்டோ சந்தைக்கு மூடும் நேரம் என்று ஒன்று கிடையாது. சனி, ஞாயிறு, பண்டிகை நாள்கள் என்ற வேறுபாடின்றி வர்த்தகம் நடப்பதைப்போலவே வட்டியும் விடாமல் ஓடுகிறது. விற்றவர் உறங்கும் நேரத்திலும் அது நிற்பதில்லை.

எதன் மீது வட்டி?

முதலில் தெளிவாக வேண்டியது, வட்டி எந்தத் தொகையின் மீது கணக்கிடப்படுகிறது என்பதாகும். ஒரு பிட்காயின் 60,000 டாலர் என்றும், வர்த்தகரிடம் 12,000 டாலர் இருக்கிறது என்றும், லீவரேஜ் ஐந்து மடங்கு என்றும் கொள்வோம். இதே நிலையில் விலை ஏறும் என்று நம்பி வாங்குபவர், பல எக்ஸ்சேஞ்சுகளில், தம் 12,000 டாலரைப் போட்டு மீதி 48,000 டாலரை மட்டுமே கடன் வாங்குகிறார். வட்டியும் அந்த 48,000 டாலருக்கே. ஷார்ட் விற்பவரின் நிலை வேறு. அவர் விற்க வேண்டியது பிட்காயினை என்பதாலும் அவரிடம் இருப்பது டாலர் என்பதாலும், ஒரு பிட்காயினையும் முழுதாகக் கடன் வாங்கியாக வேண்டும். அவர் கையில் 60,000 டாலர் இருந்து, லீவரேஜே இல்லாமல் விற்றாலும்கூட, கடன் ஒரு முழுப் பிட்காயின்தான். லீவரேஜைக் குறைத்தால் வட்டிச் செலவு குறையும் என்ற எண்ணம் வாங்குபவருக்குப் பொருந்தும் அளவுக்கு ஷார்ட் விற்பவருக்குப் பொருந்தாது. குறைவது சொந்த முதலில் அந்தச் செலவு பிடிக்கும் பங்கு மட்டுமே.

அடுத்து, கட்டணங்களின் வடிவம். ஸ்பாட் மார்ஜின், அதாவது நாணயத்தையே உண்மையில் கடன் வாங்கி விற்கும் முறை, எல்லா எக்ஸ்சேஞ்சுகளிலும் ஒரே மாதிரி இல்லை. கணக்குப் போட எளிதானது கிராக்கன் எக்ஸ்சேஞ்ச் வெளியிட்டுவந்த கட்டண முறை என்பதால் அதையே மாதிரியாகக் கொள்ளலாம். அங்கே பொசிஷனை, அதாவது இன்னும் முடிக்காமல் வைத்திருக்கும் வர்த்தக நிலையை, தொடங்கும்போது 0.02% வரை திறப்புக் கட்டணமும், அதன்பின் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை 0.02% வரை ரோல்ஓவர் கட்டணமும் வசூலிக்கப்படுகின்றன. ரோல்ஓவர் என்பது கடனை அடுத்த நான்கு மணி நேரத்துக்கு நீட்டித்ததற்கான கூலி. வட்டி என்ற பெயர் இல்லாவிட்டாலும் அது வட்டியேதான். இவை தவிர, விற்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் வழக்கமான வர்த்தகக் கட்டணம் தனியே உண்டு.

0.02% என்ற எண் கண்ணுக்குச் சிறியது. ஒரு நாளில் ஆறு நான்கு மணி நேரங்கள் இருப்பதால் அது நாளொன்றுக்கு 0.12% ஆகிறது, முப்பது நாளில் 3.6%, ஆண்டுக்கு 43.8%. நம் ஊர் வழக்கில் சொன்னால் நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் அறுபது காசு வட்டி. மூன்றரை வட்டிக்குக் கடன் வாங்க யோசிக்கும் ஒருவர், திரையில் 0.02% என்று பார்த்துவிட்டு ஒரு விநாடிகூட யோசிக்காமல் பொத்தானை அழுத்துவது இந்தத் துறையில் அன்றாடம் நடப்பது. எந்த எக்ஸ்சேஞ்சின் வட்டி வீதத்தையும் முதலில் மாத வட்டியாக மாற்றி எழுதிப் பார்த்துவிட்டே மேற்கொண்டு போக வேண்டும்.

மேற்சொன்ன எடுத்துக்காட்டையே தொடரலாம். வர்த்தகக் கட்டணம் ஒவ்வொரு முறையும் 0.25% என்று வைத்துக்கொண்டால், 60,000 டாலருக்கு விற்கும்போது 150 டாலர் போகிறது; திறப்புக் கட்டணம் 12 டாலர்; ரோல்ஓவர் நான்கு மணி நேரத்துக்கு 12 டாலர் வீதம் ஒரு நாளைக்கு 72 டாலர். முப்பது நாள் கழித்து விலை 5% இறங்கி 57,000 டாலருக்கு வந்ததும் அவர் வாங்கித் திருப்புகிறார் என்று கொள்வோம். விலை வித்தியாசத்தால் கிடைப்பது 3,000 டாலர். சொந்தமாகப் போட்ட 12,000 டாலருக்கு அது 25% என்பதால் மிகப் பெரிய வெற்றிபோல் தோன்றும். முப்பது நாளின் ரோல்ஓவர் 2,160 டாலர், வாங்கும்போது வர்த்தகக் கட்டணம் 142.50 டாலர், ஏற்கெனவே கட்டிய 162 டாலர் ஆகியவற்றைக் கூட்டினால் செலவு 2,464.50 டாலர் ஆகிறது. மிஞ்சுவது 535.50 டாலர். அதே 57,000 டாலர் முப்பதாம் நாளுக்குப் பதில் நாற்பதாம் நாள் வந்திருந்தால் ரோல்ஓவர் மட்டும் 2,880 டாலர் ஆகி, மொத்தச் செலவு 3,184.50 டாலரைத் தொட்டு, கணித்தபடியே விலை இறங்கியும் 184.50 டாலர் நட்டத்தில் கணக்கு முடிந்திருக்கும்.

இதிலிருந்து கிடைக்கும் மிகப் பயனுள்ள எண், முதலுக்கு மோசமில்லாத விலை, அதாவது இலாபமும் இல்லாமல் நட்டமும் இல்லாமல் வெளியேறக்கூடிய விலை. அது நிலையாக நிற்பதில்லை. நாளுக்கு நாள் கீழே நகர்கிறது. இந்த எடுத்துக்காட்டில் முதல் நான்கு மணி நேரத்துக்குள் வெளியேறுவதானால் விலை 59,689 டாலருக்கு, அதாவது 0.52% இறங்கினால் போதும். பத்து நாள் வைத்திருந்தால் 58,971 டாலருக்கும், முப்பது நாள் வைத்திருந்தால் 57,534 டாலருக்கும் இறங்க வேண்டும். தொண்ணூறு நாள் வைத்திருந்தால் 53,225 டாலர் வரை, அதாவது பதினொரு விழுக்காட்டுக்கு மேல் இறங்கினால்தான் போட்ட பணம் திரும்பும். ஷார்ட் விற்பனையில் இறங்குவதற்கு முன் இந்த நான்கு எண்களையும் தம் எக்ஸ்சேஞ்சின் வீதத்தைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக்கொள்வது, எந்த வரைபடத்தைப் பார்ப்பதைவிடவும் முதன்மையான வேலை.

நாணயமாகவே வளரும் கடன்

கிராக்கன் முறையில் கட்டணம் தொடக்க மதிப்பின் மீது ஒரே அளவாக வருவதால் கணக்கு நேராக இருக்கிறது. பைனான்ஸ் போன்ற வேறு எக்ஸ்சேஞ்சுகளில் வட்டி மணிக்கணக்கில் ஏறுகிறது என்பதோடு, கடன் வாங்கிய நாணயத்திலேயே ஏறுகிறது. கிராமங்களில் அறுவடைக்கு முன் நெல்லாகக் கடன் வாங்கி, அறுவடையில் அசலையும் வட்டியையும் நெல்லாகவே அளந்து கொடுக்கும் ஏற்பாட்டைப் போன்றது இது. கொடுக்க வேண்டிய மூட்டைகளின் எண்ணிக்கை முன்பே தெரியும், ஆனால் அன்றைக்கு நெல் என்ன விலை விற்கும் என்பது தெரியாது. ஐந்து டாலர் விலையுள்ள ஒரு சிறிய நாணயத்தில் 1,000 நாணயங்களை நாளுக்கு 0.1% வட்டிக்குக் கடன் வாங்கியவர் அறுபது நாளில் 60 நாணயங்களை வட்டியாகத் தர வேண்டும். விலை அதே ஐந்து டாலரில் நின்றால் அந்த வட்டி 300 டாலர். எட்டு டாலருக்கு ஏறிவிட்டால் 480 டாலர். மூன்று டாலருக்கு இறங்கினால் 180 டாலர். கணிப்பு தவறும்போது அசலில் வரும் நட்டத்தோடு வட்டியின் மதிப்பும் சேர்ந்து ஏறுவதே இதில் கவனிக்க வேண்டியது.

வட்டி எப்போது தொடங்குகிறது என்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. கடனை எடுத்த நொடியிலிருந்துதான் வட்டி ஓடுகிறதே தவிர, விற்ற நொடியிலிருந்து அல்ல. நாணயத்தைக் கடன் வாங்கிவிட்டு, தற்போதைய விலையைவிடச் சற்று மேலே லிமிட் ஆர்டர், அதாவது குறித்த விலை வந்தால் மட்டும் விற்கும் ஆணை, போட்டுக் காத்திருப்பவர், அந்த விலை வராமலே போனாலும் காத்திருந்த மணிகளுக்கெல்லாம் வட்டி கட்டுகிறார். ஒரு மணிக்குக் குறைந்த நேரமும் முழு மணியாகவே கணக்கிடப்படுவது வழக்கம் என்பதால், ஒரே மணிக்குள் பலமுறை கடன் வாங்கித் திருப்புபவர் ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி வட்டி தர நேரலாம். ஆர்டர் நிறைவேறும்போது மட்டும் தானாகக் கடன் எடுக்கும் வசதி இருக்கும் இடங்களில் அதைப் பயன்படுத்துவது முதல் வகைச் செலவைத் தவிர்க்கும்.

கடனை முடிக்கும் இடத்தில் பலர் கவனிக்காமல் விடும் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. ஒரு பிட்காயின் கடன் வாங்கியவர், நாளுக்கு 0.02% வட்டியில் முப்பது நாள் வைத்திருந்தால் அவர் தர வேண்டியது 1.006 பிட்காயின். வாங்கும்போது பல எக்ஸ்சேஞ்சுகள் வர்த்தகக் கட்டணத்தை வாங்கிய நாணயத்திலிருந்தே கழித்துக்கொள்கின்றன. அந்தக் கட்டணம் 0.1% என்றால், ஒரு பிட்காயின் வாங்கியவருக்குக் கணக்கில் வந்து சேர்வது 0.999 பிட்காயின்தான். கடன் முடிந்துவிட்டது என்று அவர் நினைத்திருக்க, 0.007 பிட்காயின் பாக்கி நிற்கிறது. 60,000 டாலர் விலையில் அது 420 டாலர், அதற்கும் மணிக்கணக்கில் வட்டி ஓடிக்கொண்டிருக்கும். கடனை முழுதாகத் தீர்க்க அவர் வாங்க வேண்டியது 1.006-ஐ 0.999-ஆல் வகுத்தால் வரும் 1.00701 பிட்காயின். மேலும், வாங்குவதும் திருப்புவதும் இரண்டு தனித்தனிச் செயல்கள் என்று வைத்திருக்கும் எக்ஸ்சேஞ்சுகளில், வாங்கிய நாணயம் கணக்கில் சும்மா கிடக்க, கடன் அப்படியே தொடரும். பொசிஷனை முடித்த பிறகு கடன் பக்கத்தைத் திறந்து பாக்கி சுழியம்தானா என்று பார்த்துவிட்டே எழ வேண்டும்.

வீதம் ஏன் ஏறி இறங்குகிறது

இந்த வட்டி யாருக்குப் போகிறது என்பதை அறிந்தால், அது ஏன் திடீரென்று எகிறுகிறது என்பதும் விளங்கும். சில எக்ஸ்சேஞ்சுகள் தம் சொந்த இருப்பிலிருந்தே கடன் தருகின்றன. பிட்ஃபைனெக்ஸ் போன்றவற்றில் கடன் கொடுப்பவர்களும் சாதாரண வாடிக்கையாளர்கள்தாம். அவர்கள் தாம் விரும்பும் நாள் வட்டியையும், 2 நாள் முதல் 120 நாள் வரையிலான காலத்தையும் குறித்துத் தம் நாணயங்களைக் கடனுக்கு வைக்கிறார்கள். கிடைக்கும் வட்டியில் 15% எக்ஸ்சேஞ்சுக்குப் போகிறது. ஷார்ட் விற்பவரின் கடன் கெடு முடிந்தால், அப்போது சந்தையில் கிடைக்கும் வேறொரு கடன் தானாக அந்த இடத்துக்கு வருகிறது. பொசிஷன் தொடங்கிய அன்று பார்த்த வீதம் முடியும்வரை அப்படியே இருக்கும் என்று எண்ணுவதற்கு இடமில்லை.

கடன் கொடுப்பவர் ஏற்கும் ஆபத்தும் வட்டியில் அடங்கியுள்ளது. 2019 மே 26 அன்று பொலோனியெக்ஸ் எக்ஸ்சேஞ்சில் கிளாம் என்ற சிறிய நாணயத்தின் விலை மிகக் குறுகிய நேரத்தில் சரிந்ததால், கடன் வாங்கியிருந்தவர்களின் ஈடு கடனுக்குப் போதாமல் போய், கடன் கொடுத்திருந்தவர்களுக்குச் சுமார் 1,800 பிட்காயின் நட்டம் ஏற்பட்டது. அன்று பிட்காயின் கடன் கொடுத்திருந்த ஒவ்வொருவரின் அசலிலும் 16.2% கழிக்கப்பட்டது. இத்தகைய நிகழ்வுகளைப் பார்த்தவர்கள் குறைந்த வட்டிக்கு நாணயத்தைக் கொடுக்க முன்வருவதில்லை. புழக்கம் குறைந்த, கடனுக்குக் கிடைக்கும் இருப்பு சிறிதான நாணயங்களில் வட்டி பல மடங்காக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே நாணயத்தைக் கடன் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2022 செப்டம்பர் நல்ல பாடம். எத்தீரியம் வலைப்பின்னல் அந்த மாதம் 15ஆம் தேதி மெர்ஜ் எனப்பட்ட மாற்றத்தின் மூலம் மைனிங் முறையைக் கைவிட்டது. அந்த மாற்றத்தின்போது பழைய முறையிலேயே தொடரும் கிளை நாணயம் ஒன்று, எத்தீரியத்தின் நாணயமான ஈதரை வைத்திருப்பவர்களுக்கு இலவசமாகக் கிடைக்கும் என்ற எதிர்பார்ப்பில், அன்றைய தினம் கையில் ஈதர் இருக்க வேண்டும் என்பதற்காகவே பலரும் அதைக் கடன் வாங்கத் தொடங்கினார்கள். ஆவே என்ற கடன் தளத்தில் ஈதர் இருப்பு முழுதும் கடனாகப் போய்விட்டால் வைப்பாளர்கள் எடுக்க முடியாமல் போகும் என்று அஞ்சி, அதன் பங்கேற்பாளர்கள் வாக்களித்து ஈதர் கடனைத் தற்காலிகமாக நிறுத்தினார்கள். ஈதரின் விலை இறங்கும் என்று கணித்து முன்பே கடன் வாங்கியிருந்தவர், இந்தக் கிளை நாணயத்தைப் பற்றி எந்த அக்கறையும் இல்லாதவராக இருந்தாலும், அந்த நெரிசலின் வட்டியைச் சேர்த்தே சுமக்க வேண்டியிருந்தது. இப்படிக் கிளை நாணயம் பிறக்கும்போது, கடன் கொடுத்தவருக்குச் சேர வேண்டிய அந்தப் புதிய நாணயத்தையும் கடன் வாங்கியவரே தர வேண்டும் என்ற விதியை வைக்கும் எக்ஸ்சேஞ்சுகள் உண்டு என்பதால், அத்தகைய தேதி நெருங்கும்போது அந்த விதியைத் தேடிப் படித்துக்கொள்ள வேண்டும். பலரும் செய்வதுபோல் தேதிக்கு முன்பே வெளியேறிவிடுவது இன்னும் நல்லது.

விலை அசையாமலே நெருங்கும் லிக்விடேஷன்

ஈடு போதாத நிலை வரும்போது எக்ஸ்சேஞ்ச் தானே பொசிஷனை முடித்துவிடுவது லிக்விடேஷன் எனப்படும். மொத்தச் சொத்தைக் கடனும் வட்டியும் சேர்ந்த தொகையால் வகுத்தால் வரும் மார்ஜின் நிலை ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே போனதும் இது நிகழ்கிறது. வகுக்கும் எண்ணில் வட்டியும் இருக்கிறது என்பதே இங்கு முக்கியம். நம் எடுத்துக்காட்டில் சொந்தத் தொகை 12,000, விற்றுக் கிடைத்தது 60,000, அதில் கட்டணம் 150 போக மொத்தச் சொத்து 71,850 டாலர். லிக்விடேஷன் எல்லை 1.1 என்று கொண்டால், முதல் நாளில் விலை 65,318 டாலருக்கு ஏறினால்தான் ஆபத்து. நாணயத்திலேயே நாளுக்கு 0.02% வட்டி ஏறினால் முப்பதாம் நாளில் கடன் 1.006 பிட்காயின் ஆகி, அந்த எல்லை 64,929 டாலருக்கு வந்துவிடுகிறது. வட்டி நாளுக்கு 0.1% என்றால் எல்லை 63,416 டாலர். விலை 60,000 டாலரிலேயே அசையாமல் நின்றிருந்தும், 5,318 டாலராக இருந்த இடைவெளி ஒரே மாதத்தில் 3,416 டாலராகச் சுருங்கியிருக்கிறது. ஸ்டாப் லாஸ் ஆணையை, அதாவது விலை குறித்த அளவுக்கு ஏறினால் நட்டத்தோடு வெளியேறச் செய்யும் ஆணையை, முதல் நாள் கணக்கை வைத்துப் போட்டுவிட்டு மறந்துவிடுபவர், ஒரு மாதம் கழித்து அந்த ஆணை லிக்விடேஷன் எல்லைக்கு அப்பால் பயனின்றிக் கிடப்பதைக் காணலாம். லிக்விடேஷன் நேர்ந்தால் அதற்கென்று தனிக் கட்டணமும் பிடிக்கப்படுகிறது. வழக்கமான வர்த்தகக் கட்டணத்தைவிட அது கணிசமாகக் கூடுதல் என்பதால், எல்லையைத் தொடும்வரை காத்திருக்காமல் தாமே நட்டத்தில் வெளியேறுவது எப்போதும் மலிவானது.

பெர்பெச்சுவல்: வட்டி திசை மாறும் இடம்

இன்று ஷார்ட் விற்பனையின் பெரும்பகுதி நாணயத்தைக் கடன் வாங்காமலே பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸ் மூலம் நடக்கிறது. முடிவுத் தேதியே இல்லாத ஒப்பந்தம் என்ற கருத்தைப் பொருளியலாளர் ராபர்ட் ஷில்லர் 1993இல் வேறு வகைச் சொத்துகளுக்காக முன்வைத்தார். கிரிப்டோவில் அதைப் பரவலாக்கியது 2016இல் பிட்மெக்ஸ் எக்ஸ்சேஞ்ச். முடிவுத் தேதி இல்லாத ஒப்பந்தத்தின் விலை உண்மைச் சந்தை விலையிலிருந்து விலகிப் போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காக ஃபண்டிங் என்ற ஏற்பாடு வைக்கப்பட்டது. ஒப்பந்த விலை சந்தை விலையைவிட உயர்ந்து நின்றால் வாங்கியவர்கள் விற்றவர்களுக்குப் பணம் தருகிறார்கள். தாழ்ந்து நின்றால் விற்றவர்கள் வாங்கியவர்களுக்குத் தருகிறார்கள். எக்ஸ்சேஞ்ச் இதில் இடையாளாக மட்டும் நிற்கிறது.

பைனான்ஸில் பிட்காயின் போன்ற பெரிய நாணயங்களின் ஒப்பந்தங்களுக்கு இது எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இந்திய நேரப்படி காலை 5.30, பிற்பகல் 1.30, இரவு 9.30 மணிக்குக் கணக்கிடப்படுகிறது. சந்தை அமைதியாக இருக்கும்போது வீதம் 0.01% அருகில் நிற்பது வழக்கம். அப்போது வாங்கியவர்களே தருகிறார்கள் என்பதால், 60,000 டாலர் மதிப்புக்கு ஷார்ட் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு முறையும் 6 டாலர், விலை பெரிதும் மாறாவிட்டால் மாதம் 540 டாலர் வரவாகவே வருகிறது. முன்பு பார்த்த ஸ்பாட் மார்ஜினில் அதே கணிப்புக்கு 2,160 டாலர் கட்டியதை நினைத்தால், எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது மட்டுமே மாதம் 2,700 டாலர் வித்தியாசம் ஆகிறது.

ஆனால் இந்த வரவை நிலையான வருமானமாக எண்ணிவிடக் கூடாது. விலை சரிந்து, எல்லோரும் ஷார்ட் பக்கம் கூடும்போது வீதம் சுழியத்துக்குக் கீழே போகிறது. அது கழித்தல் 0.05% ஆனால் ஒரு முறைக்கு 30 டாலர், நாளுக்கு 90, மாதத்துக்கு 2,700 டாலர் என்று, ஸ்பாட் மார்ஜின் வட்டியையே மிஞ்சிவிடும். மெர்ஜுக்கு முந்தைய வாரங்களில் ஈதர் பெர்பெச்சுவலில் நடந்தது இதுதான்: கிளை நாணயத்துக்காக ஈதரைக் கையில் வைத்திருந்தவர்கள், விலை இறங்கினால் நட்டம் வராமல் இருக்க ஒப்பந்தத்தை விற்றுவைத்ததால், ஃபண்டிங் ஆழமாகக் கீழே போனது, உண்மையாகவே விலை இறங்கும் என்று நம்பி விற்றவர்களும் அவர்களோடு சேர்ந்து கட்டினார்கள். கொந்தளிப்பு மிகும்போது எட்டு மணி இடைவெளியை நான்கு மணி அல்லது ஒரு மணி என்று எக்ஸ்சேஞ்சுகள் சுருக்குவதும் உண்டு. ஆகவே வீதத்தோடு இடைவெளியையும் சேர்த்தே படிக்க வேண்டும்; ஒரு மணிக்கு ஒருமுறை 0.05% என்பது நாளுக்கு 1.2%.

ஃபண்டிங் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பு பொசிஷனை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அந்தக் கட்டணத்திலிருந்து தப்பலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வருவதுதான். குறித்த நொடியில் பொசிஷன் வைத்திருப்பவரே கட்டுகிறார் என்பதால் யோசனை தவறல்ல, கணக்குதான் ஒத்துவருவதில்லை. உடனே நிறைவேறும் ஆர்டருக்கு 0.05% வர்த்தகக் கட்டணம் என்றால், மூடித் திறக்க 60 டாலர் ஆகிறது. தவிர்ப்பது 30 டாலர். ஃபண்டிங் 0.10%-ஐத் தாண்டும் அரிய நேரங்களில் மட்டுமே இந்த முயற்சிக்குப் பொருள் உண்டு, அப்போதும் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையே அந்த நொடிகளில் விரியும் இடைவெளி அந்த இலாபத்தைத் தின்றுவிடக்கூடும். வர்த்தகக் கட்டணமும் ஃபண்டிங்கும் பொசிஷனின் முழு மதிப்பின் மீது வருவதால், இருபது மடங்கு லீவரேஜில் 3,000 டாலர் மட்டும் வைத்திருப்பவருக்கு அந்த 30 டாலர் ஒவ்வொரு எட்டு மணி நேரத்திலும் தம் முதலில் ஒரு விழுக்காடு.

இந்திய வாசகருக்கான வரிக் கணக்கு

2022 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் கிரிப்டோ போன்ற மெய்நிகர் டிஜிட்டல் சொத்துகளின் ஆதாயத்துக்கு 30% வரி விதிக்கப்படுகிறது; அதன்மேல் 4% செஸ். வாங்கிய விலையைத் தவிர வேறு எந்தச் செலவையும் ஆதாயத்திலிருந்து கழிக்க அந்த விதி இடம் தரவில்லை. ஒரு பரிவர்த்தனையின் நட்டத்தை வேறொன்றின் இலாபத்தோடு ஈடுகட்டவும் முடியாது. கடன் வட்டியும் ரோல்ஓவரும் வாங்கிய விலையில் சேராதவை என்று கொண்டு, முப்பது நாள் எடுத்துக்காட்டை மறுபடி பார்த்தால், வரிக்குரிய ஆதாயம் 3,000 டாலர், வரி 900, செஸ் 36, ஆக 936 டாலர் கட்ட வேண்டும். கட்டணங்கள் போகக் கையில் நின்றது 535.50 டாலர் மட்டுமே என்பதால், வரி கட்டிய பின் 400.50 டாலர் நட்டம். இந்த வரியைக் கட்டும் நாள் வருவதற்கு முன்பே, 2022 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள 1% டிடிஎஸ் பிடித்தமும் இருக்கிறது: கடன் வாங்கிய பிட்காயினை 60,000 டாலருக்கு விற்கும்போது 600 டாலர் பிடிக்கப்பட்டால், அது பின்னர் வரியில் கழிந்தாலும், அதுவரை 12,000 டாலர் ஈட்டில் இருபதில் ஒரு பங்கு கைக்கு எட்டாமல் போகிறது, மேலே கணக்கிட்ட லிக்விடேஷன் எல்லையும் அந்த அளவுக்கு இன்னும் கீழே வருகிறது.

நாணயமே கைமாறாத பெர்பெச்சுவல் ஒப்பந்தங்களை இந்தச் சிறப்பு வரி விதிக்குள் வைப்பதா, வணிக வருமானமாகக் கொண்டு செலவுகளைக் கழிப்பதா என்பதில் தணிக்கையாளர்களிடையே இரு வேறு நிலைப்பாடுகள் இருப்பதால், பொசிஷன் தொடங்குவதற்கு முன்பே தம் தணிக்கையாளரிடம் எழுத்தில் கருத்துப் பெற்றுக்கொள்வதும், ஒவ்வொரு ஃபண்டிங் வரவையும் பற்றையும் காட்டும் கணக்கு அறிக்கையை மாதம் ஒருமுறை எக்ஸ்சேஞ்சிலிருந்து பதிவிறக்கி வைத்துக்கொள்வதும் அவசியம். பழைய அறிக்கைகளைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பிறகு எளிதில் எடுக்க முடியாத எக்ஸ்சேஞ்சுகள் பல.